நாட்டுப்பண்: ஒலிப்பதிவா, வாய்ப்பாட்டா?

பள்ளி ஆண்டு விழா முடிவில் 'ஜன கண மன'. ஒலிப்பதிவைப் போட்டால் சுருதி பிசகாது, சுமார் 52 நொடியில் முடிந்துவிடும். ஆனால் கூட்டம் வாய்மூடி நிற்கும். பதிவு பாதியில் நின்றுபோனால் மேடையில் இருப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் சொல்லி மாளாது.

வாய்ப்பாட்டில் கொஞ்சம் இழுக்கும், சுருதி ஏறி இறங்கும். பரவாயில்லை. முந்நூறு பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது உடம்பு சிலிர்க்கிறதே! என் வாக்கு இதற்குத்தான். தமிழ்த்தாய் வாழ்த்துக்கான 2021 அரசாணையும் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாடுவதையே வலியுறுத்துகிறது.

எதுவானாலும் எழுந்து நேராக நிற்க வேண்டும். மத நம்பிக்கையால் பாடாமல், மரியாதையோடு எழுந்து நிற்பது அவமதிப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அப்படி நிற்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்.