பன்னிரண்டு பேருக்கு ஒரே அக்சஸ் கோப்பு: ஏழாண்டு அனுபவம்

பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளம் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் அட்டவணைகளும் படிவங்களும் ஒரே கோப்பில் இருந்தன. சர்வரில் கிடந்த அந்தக் கோப்பையே எல்லோரும் நேரடியாகத் திறந்தோம். காலையில் முதலில் வருபவருக்குச் சட்டென்று திறக்கும் படிவம், இரண்டாமவர் நுழைந்ததுமே திணறத் தொடங்கிவிடும்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வாரந்தோறும் கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளையைக் கொடுப்பதுதான். கோப்பு இளைத்ததே தவிர வேகம் கூடவில்லை. உச்சவரம்பான 2 ஜிபிக்கு அருகில்கூட நாங்கள் போகவில்லை என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அட்டவணைகளை மட்டும் சர்வரில் பேக் எண்டாக வைத்து, படிவங்களும் வினவல்களும் (தரவைத் தேடியெடுக்கும் கட்டளைகள்) அடங்கிய ஃப்ரண்ட் எண்டை ஒவ்வொருவர் கணினியிலும் தனிப் பிரதியாக நிறுவினேன். கோப்பு பழுதாவது குறைந்தது. மந்தம் மட்டும் நீடித்தது. ஒரு மாலை எல்லோரும் கிளம்பிய பின், சர்வரிலுள்ள கோப்புறையைத் திரையில் வைத்துக்கொண்டு படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். திறந்தால் லாக் கோப்பு (பேக் எண்டை யாரோ திறந்திருப்பதைக் காட்டும் சிறு கோப்பு) தோன்றியது, மூடினால் மறைந்தது, அடுத்ததைத் திறந்தால் மீண்டும் தோன்றியது. அதாவது ஒவ்வொரு முறையும் பேக் எண்டுடனான இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கியது; மந்தம் அங்கேதான். ஃப்ரண்ட் எண்ட் தொடங்கும்போதே பேக் எண்டின் சிறிய அட்டவணையுடன் இணைந்த மறைவான படிவம் ஒன்றைத் திறந்து, வெளியேறும்வரை மூடாமல் வைத்தேன். ஏழாண்டில் செய்த மாற்றங்களில் இவ்வளவு பலன் தந்தது வேறில்லை.

அடுத்தது தேடல். தரவைத் தேடியெடுக்கும் அக்சஸின் இயந்திரம் (என்ஜின் எனும் நிரல்) சர்வரில் ஓடுவதில்லை. பயனரின் கணினியில் ஓடிக்கொண்டு, வேண்டிய தரவை 4 கேபி பக்கங்களாக நெட்வொர்க் வழியே இழுத்துக்கொள்கிறது. ஆகவே நிபந்தனைக்கு உரிய புலத்தில் இண்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் வரிசைப் பட்டியல்) இல்லையென்றால் முழு அட்டவணையும் கம்பியில் பயணிக்கும். எங்கள் தேடல் பெட்டியோ சொல்லின் இருபுறமும், எந்த எழுத்துகளும் வரலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி சேர்த்து, இருந்த இண்டெக்ஸையும் வீணாக்கிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த குறியை நீக்கினேன். தேடும் எண்ணை உள்ளிட்ட பிறகே பதிவுகளை ஏற்றும்படி படிவத்தையும் மாற்றினேன். சொல்லின் நடுப்பகுதியைக் கொண்டு தேடிப் பழகியவர்கள் சில நாள் முணுமுணுத்தார்கள்.

வைஃபையில் இணைந்த மடிக்கணினிகளுக்குத் தடை விதித்திருக்கிறேன். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்து பேக் எண்ட் ஒருமுறை பழுதானதே காரணம்.

மாதாந்திர அறிக்கை மட்டும் இன்னும் ஊர்கிறது. அதன் வினவலில் ஒவ்வொரு வரிக்கும் டிலுக்அப் (வேறு அட்டவணையிலிருந்து ஒரு மதிப்பைத் தேடித் தரும் செயற்கூறு) தனியாக ஓடுகிறது. அதை, அட்டவணைகளை ஒரே வினவலில் இணைக்கும் ஜாயினாக மாற்றி எழுதும் வேலை பாக்கியிருக்கிறது.