ஒரு வார இறுதிதான் கையில் என்றால்: நார்த் வெஸ்ட் 200-ஆ, ஐல் ஆஃப் மேன் டிடி-யா?

பொதுச் சாலையை மூடி நடத்தும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு பெயர்களில்தான். ஒன்று, மே மாத முற்பாதியில் வட அயர்லாந்தின் வடகடற்கரையில் நடக்கும் நார்த் வெஸ்ட் 200. மற்றொன்று, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் மே இறுதியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீளும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி). இரண்டுக்கும் இடையில் சில வாரங்களே உள்ளன, இரண்டும் ஐரிஷ் மழையின் வட்டாரத்துக்குள் வருகின்றன, ஓடும் வீரர்களிலும் பலர் ஒரே ஆட்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் வேலை பார்த்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு எடுப்பதே பெரிது என்ற நிலையில் இருக்கும் நான், இரண்டையும் பார்த்த பிறகு நார்த் வெஸ்ட் 200 பக்கம் சாய்ந்துவிட்டேன். டிடி-யை முழு இரண்டு வாரமும் தங்கிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. முதல் வார இறுதிக்கு மட்டுமே போயிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டைக் குறைந்த நாள் உள்ளவருடைய கணக்காகவே படிக்க வேண்டும்.

பெருமையில் டிடி-க்கு இணை கிடையாது என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். 1907-இல் தொடங்கிய பந்தயம் அது. 1911 முதல் ஸ்னேஃபெல் மலையைச் சுற்றிவரும் சாலையில் நடக்கிறது. ஒரு சுற்று ஏறத்தாழ 60.7 கிலோமீட்டர். 2023-இல் பீட்டர் ஹிக்மன் அந்தச் சுற்றை மணிக்கு 136.358 மைல், அதாவது ஏறத்தாழ 219 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் முடித்தார். கல்சுவர்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே அந்தச் சராசரியை ஒரு மனிதர் எட்டுகிறார் என்பதை நேரில் பார்க்காமல் மனம் ஏற்றுக்கொள்ளாது. நார்த் வெஸ்ட் 1929-இல் தொடங்கியது. போர்ட்ஸ்டூவர்ட், கோல்ரேன், போர்ட்ரஷ் என்ற மூன்று ஊர்களை முக்கோணமாக இணைக்கும் சாலை, சுற்று சுமார் 14.4 கிலோமீட்டர். டிடி-யில் பத்து விநாடிக்கு ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவார்கள். இங்கே கூட்டமாகப் புறப்பட்டு, நேர்ச்சாலையில் மணிக்கு 200 மைலைத் தாண்டிய வேகத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். யார் முன்னால் இருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள வானொலி வர்ணனை தேவைப்படாத பந்தயம் இது.

இவையெல்லாம் ரசனைக்கு உட்பட்டவை. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: மழை வந்தால் என்ன நடக்கும்?

டிடி-யில் நடப்பது இதுதான். அறுபது கிலோமீட்டர் சாலை முழுவதும் ஒரே நேரத்தில் ஓட்டத்தக்க நிலையில் இருந்தாக வேண்டும். டக்ளஸ் நகரில், வண்டிகளைப் பராமரிக்கும் பிட் பகுதிக்கு எதிரே உள்ள பார்வையாளர் மேடையில் வெயில் அடிக்கும். தீவின் மறுமுனையில் ராம்ஸியில் தூறும். நடுவே மலைமேல் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கடல்மட்டத்தை ஒட்டி ராம்ஸியைக் கடக்கும் சாலை, அங்கிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறித்தான் டக்ளஸுக்குத் திரும்புகிறது. கடற்காற்று அந்த மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, மேகமாக அங்கேயே படிந்துவிடுகிறது. தீவைக் காக்கும் கடல்தெய்வம் மனனான் தன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார் என்று அவ்வூர் மக்கள் அதைச் சொல்வார்கள். மேகம் இறங்கினால் வீரருக்குப் பாதை தெரிவதில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, விபத்து நேர்ந்தால் அடிபட்டவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்பது. ஹெலிகாப்டர் இல்லாமல் பந்தயம் இல்லை. அந்த மலைச்சாலையில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் கொண்டால், அமைப்பாளர்கள் காத்திருப்பதில் ஒரு நிமிடம்கூடக் குறை சொல்ல முடியாது. அவர்கள் செய்வது முற்றிலும் சரி.

ஆனால் அந்தக் காத்திருப்பின் விலையைப் பார்வையாளர்தான் கொடுக்கிறார். ஒரு மணி நேரம் தள்ளிவைப்பு, பிறகு இன்னொரு மணி நேரம், சாலையைச் சுற்றிப்பார்க்கப் போன வண்டி திரும்பி வந்ததும் இன்னும் ஒன்று, கடைசியில் சுற்றுகளைக் குறைத்து ஒரு பந்தயம் அல்லது ஒன்றுமே இல்லை. டிடி-யின் மகுடமான சீனியர் பந்தயமே இதற்குத் தப்பியதில்லை. 2012-இல் சாலையின் ஈரம் காயாததால் அது கைவிடப்பட்டது. 2025-இல் பலத்த காற்றால் கைவிடப்பட்டது. ஈரச் சாலையில் பந்தயம் நடத்துவதை டிடி பொதுவாகவே தவிர்க்கிறது என்பதால், மழை நின்ற பிறகும் மரநிழல் விழும் வளைவுகள் காயும்வரை பொறுத்தாக வேண்டும்.

டிடி-யின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு வார அட்டவணையில் பந்தயமில்லாத நாள்கள் இருக்கின்றன. ஒரு நாள் கெட்டுப்போனது அடுத்த ஓய்வு நாளில் நடக்கலாம். பத்து நாள் தீவிலேயே தங்கியிருப்பவருக்கு மழை ஒரு தாமதம் மட்டும்தான். இரண்டு நாளில் ஊர் திரும்ப வேண்டியவருக்கு அந்த ஓய்வு நாளால் எந்தப் பயனும் இல்லை.

நார்த் வெஸ்டில் மலை கிடையாது. சுற்று முழுவதும் கடலோரச் சமவெளியிலும் சிறு மேடுகளிலும் போகிறது. பதினான்கு கிலோமீட்டரை ஒரு கார் சுற்றிவந்து நிலவரம் சொல்ல வெகுநேரம் ஆகாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழை வேகமாக வரும், வேகமாகவே போகும், பின்னாலேயே வரும் காற்று தாரைத் துடைத்தாற்போல் காயவைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே ஈரத்தில் ஓட்டுகிறார்கள். மழை டயர் போட்டுக்கொண்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓடும் பந்தயங்களை இந்தச் சாலையில் பார்க்கலாம்.

அந்த அரைகுறை ஈரத்தில்தான் இந்தப் பந்தயத்தின் முழு அழகும் வெளிப்படுகிறது என்பது என் அழுத்தமான கருத்து. போர்ட்ஸ்டூவர்ட்டில் புறப்படும் இடத்துக்கு அருகே நின்றால், மேற்கே கடலுக்கு அப்பால் டோனகல் பகுதியின் இனிஷோவன் குன்றுகள் தெரியும். அந்தக் குன்றுகள் திடீரென்று சாம்பல் நிறத் திரைக்குப் பின்னால் மறைந்தால், சற்று நேரத்தில் மழை நம் தலைமேல் இருக்கும். கிரிட்டில், அதாவது புறப்படும் வரிசையில், நிற்கும் மெக்கானிக்குகளும் அதே திசையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு குழு, டயரைச் சூடாக வைக்கும் உறையான டயர் வார்மரை உருவி, காய்ந்த சாலைக்கான வரியில்லாத ஸ்லிக் டயரோடு நிற்கிறது. பக்கத்துக் குழு பின்சக்கரத்தைக் கழற்றி, மழைக்கான வரியிட்ட டயரை மாட்டத் தொடங்குகிறது. அதைக் கண்ட மூன்றாவது குழுவின் தலைவர் குனிந்து உள்ளங்கையைத் தாரில் வைத்துப் பார்த்துவிட்டு, வீரரின் ஹெல்மெட்டோடு தன் தலையை ஒட்டி ஏதோ சொல்கிறார். போர்ட்ரஷ் பக்கம் காய்ந்தும் கோல்ரேன் பக்கம் நனைந்தும் கிடக்கும் சாலைக்கு எந்த டயரும் முழுப் பொருத்தம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சாலையில் வேறு எவரையும்விட அதிக வெற்றி பெற்றிருக்கும் அலஸ்டர் சீலி போன்றவர்களின் அருமை, நாள் முழுதும் வெயிலடிக்கும்போது தெரிவதைவிட இப்படிப்பட்ட நேரத்தில் கூடுதலாகத் தெரிகிறது. எங்கே ஈரம் தங்கும், எந்த மரத்தடி கடைசியில் காயும் என்பதை உள்ளூர்க்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இடம்பெயர்வது அடுத்த விஷயம். இதுவும் வானிலையோடு பிணைந்தது. டிடி-யில் சாலை மூடிய பிறகு நின்ற இடம்தான் நம் இடம். டக்ளஸில் உள்ள இணைப்புச் சாலை வழியாகச் சுற்றின் உள்ளே போய் வரலாம் என்றாலும், மலையோரத்தில் ஒரு வேலிமேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. மழை பிடித்தால் சாலை திறக்கும்வரை நனைந்தபடி இருக்க வேண்டியதுதான். லாக்ஸியிலிருந்து மலை ரயிலில் ஏறி பங்களா என்ற இடத்தில் இறங்கிப் பந்தயம் பார்க்கலாம், அது அழகான பயணமும்கூட. ஆனால் அந்த ரயில் நம்மைக் கொண்டுபோய் விடுவது மேகம் முதலில் இறங்கும் இடத்தில். நார்த் வெஸ்டிலோ கோல்ரேனிலிருந்து போர்ட்ரஷுக்குப் போகும் ரயில்பாதை பந்தயச் சாலையை ஒரு பாலத்தின் மேலாகக் கடக்கிறது. டூ வேரன் என்ற சிறு நிறுத்தத்தில் இறங்கினால் சில அடிகளில் பந்தயச் சாலை. அடுத்த நிறுத்தமான போர்ட்ரஷில் இறங்கினால் மெட்ரோபோல் வளைவு நடக்கிற தூரத்தில் இருக்கிறது; கோல்ரேனை அடுத்த பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்கினால் சுற்றின் இன்னொரு பக்கம். மழை வலுத்தால் போர்ட்ரஷின் தேநீர்க் கடை ஒன்றில் ஒதுங்கிவிட்டு, ஒலிபெருக்கியில் அடுத்த பந்தய நேரம் சொன்னதும் திரும்பி வந்து நிற்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதுமானது.

போய்ச் சேரும் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தீவுக்குக் கப்பல் அல்லது சிறு விமானம். டிடி சமயத்தில் கப்பல் இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், கடல் கொந்தளித்தால் வேகக் கப்பல் ரத்தாகும். திரும்பும் நாளில் அப்படி நடந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது. பெல்ஃபாஸ்டுக்கு இங்கிலாந்தின் பல ஊர்களிலிருந்தும் நாள்தோறும் விமானம் உண்டு. அங்கிருந்து ரயிலில் கோல்ரேன். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வட அயர்லாந்து பிரிட்டிஷ் விசாவுக்குள்ளேயே அடக்கம். ஐல் ஆஃப் மேனும் அந்த விசாவை ஏற்கிறது. செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் சாலையோரத்தில் பெரும்பாலான இடங்களில் இலவசமாக நிற்கலாம். மேடை இருக்கைக்குத்தான் கட்டணம். அறை வாடகை மட்டும் தீவில் கூடுதலாகத் தோன்றியது. இது நான் விசாரித்த அளவில் சொல்வது. உள்ளூர் வீடுகளில் அறை தரும் ஏற்பாடு அங்கே உண்டு, கூடாரம் போட நினைப்பவர்கள் அதை முதலில் விசாரிப்பது நல்லது. ஈரக் கூடாரத்தில் இரண்டு இரவு படுத்தவருக்கு மூன்றாம் நாள் பந்தயத்தில் மனம் செல்லாது.

நார்த் வெஸ்ட் மழையை வென்ற பந்தயம் என்று சொல்ல வரவில்லை. 2011-இல் மழை, சாலையில் எண்ணெய்க் கசிவு, வெடிகுண்டுப் புரளி எல்லாம் ஒரே சனிக்கிழமையில் சேர்ந்து, அன்று ஒரே ஒரு பந்தயம்தான் முழுமையாக நடந்தது. 2013-இல் சனிக்கிழமை நிகழ்ச்சியை மழை அடித்துச் சென்றது. அதன் பிறகுதான், 2014-இல், வானிலை மோசமானால் மூடும் நாளை மாற்றிக்கொள்ள இடம் தரும் வகையில் வட அயர்லாந்தின் சாலைப் பந்தயச் சட்டம் திருத்தப்பட்டது. வேறொரு குறையையும் சொல்ல வேண்டும். வேகத்தை மட்டுப்படுத்தச் சுற்றில் சேர்த்திருக்கும் செயற்கை வளைவுகள், டிடி-யின் இயல்பான சாலை ஓட்டத்தை நேசிப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். டிடி சுற்றில் உள்ள பலாக் பாலத்தில் வண்டிகள் தாவிப் பறக்கும் அந்தக் காட்சிக்கு ஈடாக இங்கே எதுவும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நார்த் வெஸ்டுக்குப் போவதென்று முடிவெடுத்தால் சனிக்கிழமையை மட்டும் நம்பி வரக் கூடாது. பந்தயம் வியாழன் மாலையும் சனி முழுநாளும் நடக்கிறது; வெள்ளியன்று சாலை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு ஒரே வாய்ப்புதான், அதை ஒரு மேகம் பறித்துவிட முடியும். வியாழன் காலையில் வந்துவிட்டால் பகலில் பயிற்சியும் மாலையில் பந்தயங்களும் கிடைக்கும். அந்த நாள்களில் அந்தக் கடற்கரையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால், பிற்பகல் மழை மாலையைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளியன்று அதே சாலையில் பேருந்திலோ நடந்தோ போய், சனிக்கு எங்கே நிற்பது, பக்கத்தில் ஒதுங்கக் கூரை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் விடுப்பை வியாழனுக்கும் வெள்ளிக்கும் கேட்பதுதான் முறை; மேலதிகாரி ஒரு நாள்தான் தருவார் என்றால் வியாழனைக் கேட்டு வாங்குங்கள்.