கணையப் புற்றுநோய்: தலையில் வந்தால், வாலில் வந்தால்

ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள கணையத்தை மருத்துவர்கள் தலை, உடல், வால் எனப் பிரித்துப் பேசுகிறார்கள். அதில் தோன்றும் புற்றுநோய்களில் 60 முதல் 70 சதவீதம் வரை தலைப்பகுதியிலேயே உருவாகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை உடலிலும் வாலிலும் வருகின்றன.

முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும் தலையை ஒட்டியே பித்தநாளம் குடலைச் சென்றடைகிறது. ஆகவே அங்கு வளரும் சிறிய கட்டிகூட அந்த நாளத்தை நெருக்கி, கண்ணை மஞ்சளாக்கி, சிறுநீரைக் கறுக்க வைத்து, மலத்தை வெளுக்கச் செய்து, உடலெங்கும் அரிப்பை உண்டாக்கிவிடும். கடலூர் முதுநகரில் என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. இரவெல்லாம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். மலம் சுண்ணாம்பு நிறத்தில் போவதைப் பெரியம்மாவிடம் மட்டுமே சொன்னார். காமாலை என்றாலே கல்லீரல் என்று நம்பிய நாங்கள், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியத்தோடு ஐந்து வாரம் கொடுத்தோம். புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்தபோது, கட்டி அருகிலிருந்த இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. வலியில்லாத காமாலைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அது உடனே பார்க்க வேண்டிய அறிகுறி என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

வாலில் வரும் கட்டியிடம் அந்த எச்சரிக்கையும் கிடையாது. மண்ணீரலை நோக்கி நீளும் அப்பகுதி பித்தநாளத்திலிருந்து விலகியிருப்பதால், கட்டி பெரிதாகும்வரை கண் மஞ்சளாவதில்லை. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, சிலருக்கு ஐம்பது வயதைத் தாண்டிப் புதிதாக வரும் சர்க்கரை நோய் ஆகியவையே தடயங்கள். இவற்றை வாயு, வயது, வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது.

அறுவை சிகிச்சையிலோ நிலைமை தலைகீழ். தலைக்கட்டிக்கு விப்பிள் அறுவையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றி, மீதமுள்ளவற்றைக் குடலோடு மீண்டும் இணைக்க வேண்டும். வாலையோ பெரும்பாலும் மண்ணீரலோடு சேர்த்து எடுத்தால் போதும். இத்தகைய இணைப்பு வேலை இல்லை. இருந்தும், நோய் பரவிய பிறகே பெரும்பாலானோர் வருவதால், அந்த எளிய அறுவையை எட்டுபவர்கள் குறைவு. அதனால் வால்கட்டியையே நான் கொடிதாக நினைக்கிறேன். வயிற்றிலுள்ள வாயு மறைப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டில் வால்பகுதி பல வேளைகளில் சரியாகத் தெரிவதில்லை. வலியும் எடைக்குறைவும் தொடர்ந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.