விமானம் ஏறும் முன் பீட்சா: உட்கார்ந்து சாப்பிடுவதா, துண்டு வாங்குவதா, பெட்டியில் எடுத்துப் போவதா?

புறப்படும் நேரத்தை மனதில் வைத்துப் பீட்சா கடைக்குள் நுழைவதில்தான் கணக்கு தப்புகிறது. பார்க்க வேண்டியது கேட் மூடும் நேரம். பெரும்பாலும் அது புறப்பாட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். பாதுகாப்புச் சோதனையை முடித்த பிறகே உட்காருங்கள். வெளிப்பக்கக் கடையில் சாப்பிட்டால், சோதனை வரிசை எவ்வளவு நீளும் என்று தெரியாமலேயே மென்று கொண்டிருக்க வேண்டும்.

உட்கார்ந்து சாப்பிட, கேட் மூட குறைந்தது 75 நிமிடம் இருக்கட்டும். பீட்சா வேகத் தாமதமாகும் என்று நினைக்க வேண்டாம். 450 டிகிரி செல்சியஸில் எரியும் விறகு அடுப்பில் 90 வினாடி போதும். விமான நிலையங்களில் அதிகம் காணப்படும் மின்சார ஓவனில், சுமார் 300 டிகிரியில், மெல்லிய பீட்சா 6 முதல் 8 நிமிடத்தில் தயார். தடித்த பான் பீட்சாவுக்குத்தான் கால் மணி நேரம் ஆகும். நேரத்தைத் தின்பது ஆர்டர் எடுக்க ஆள் வருவதும், கடைசியில் பில் வருவதும். தட்டு மேசைக்கு வந்ததுமே பில்லைக் கேட்டுக் கட்டிவிடுங்கள்.

மேசைகள் நிரம்பி வழிந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கல் தளம் உள்ள ஓவனின் கதவை அடிக்கடி திறந்து மூடி, ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்த மாவை வைக்கும்போது கல்லின் சூடு இறங்கிவிடும். மேலே சீஸ் உருகியிருக்கும், அடிப்பக்கம் வெளுத்து நடுவில் ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில், நகரும் பட்டையில் பீட்சாவை வைத்துச் சுடும் கன்வேயர் ஓவன் உள்ள கவுன்டரே மேல். அங்கே பீட்சா நகரும் வேகம் மாறாததால், கூட்டத்திலும் பதம் அவ்வளவாகக் கெடாது.

துண்டு வாங்க 10 நிமிடம் போதும். ஆனால் சூட்டு விளக்கின் அடியில் நெடுநேரம் கிடந்த துண்டைத் தவிருங்கள்: சீஸ் தோல்போல இறுகி, எண்ணெய் குட்டையாகத் தேங்கி, ஓரம் வறண்டிருக்கும். புதுத் தட்டு வெளிவரக் காத்திருப்பது நல்லது. சூடாக்குவதானால் ஓவனில் இரண்டு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் அடிமாவு முதலில் துவண்டு, ஆறியதும் ரப்பராகிவிடும்.

பெட்டியில் எடுத்துப் போவது மூன்றிலும் கடைசி. ஆவி உள்ளேயே தங்கி மாவை நனைத்துவிடும். மூடும் முன் நான்கு நிமிடம் ஆறவிட்டால் ஓரளவு தப்பும். விமானத்தின் வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் மங்கித் தெரியும். தக்காளி, காளான், பார்மசான் சீஸ் போன்றவற்றில் உள்ள, உமாமி எனப்படும் ஆழ்ந்த, சாறு போன்ற சுவை அவ்வளவு குறையாது, அதனால் அவை உள்ள வகையே பெட்டிக்கு ஏற்றது. வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பயணமென்றால் மிச்சம் வைத்து இறங்க வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவரத் தடை உண்டு.

எதைத் தேர்ந்தாலும் வெங்காயம், பூண்டு, சோடா மூன்றையும் குறையுங்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். வயிற்றில் உள்ள வாயு கால் பங்குக்கும் மேல் விரியும்.