சந்தைக் கடைச் சரக்குத் தூள்: கறிக்கு நல்லது, கிருமிக்கு அல்ல

மட்டக்களப்புப் பொதுச் சந்தையை அண்டிய கடையொன்றில், கடைக்காரரே வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கும் சரக்குத் தூளைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, கறுவா, கராம்பு சேர்ந்த இத்தூள் மீன் கறிக்கு நன்கு பொருந்துகிறது. கறியை இறக்கும் தறுவாயில் ஒரு தேக்கரண்டி தூவினால், கறுவாவின் மணம் முந்திவர, மிளகின் உறைப்பு பிந்தி நிற்கிறது. வறுவலில் கருகலில்லை, நாக்கில் கல் தட்டுப்படவுமில்லை.

சிக்கல் பைக்கற்றின் பின்புறத்தில் இருக்கிறது. தூள் பற்றீரியாக்களைக் கொல்லும் என்றும், மிஞ்சிய கறியில் இன்னொரு கரண்டி சேர்த்தால் மறுநாள் வரை வெளியில் வைக்கலாம் என்றும், மரக்கறிகளை இத்தூள் கலந்த நீரில் கழுவலாம் என்றும் அங்கே அச்சிட்டிருக்கிறார்கள்.

முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கராம்பிலுள்ள யூஜினோலும் கறுவாவிலுள்ள சின்னமல்டிஹைட்டும் பற்றீரியாக்களின் கல மென்சவ்வைச் சிதைக்கக்கூடியவை. உள்ளியிலிருந்து அல்லிசினை 1944இல் கவலிட்டோ, பெய்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, அதன் கிருமியெதிர்ப்பைக் காட்டினார்கள். ஆனால் முழு உள்ளிப் பல்லில் அல்லிசின் இருப்பதில்லை. நசுக்கும்போது அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியமும் சந்தித்த பின்னரே அது உருவாகிறது. நொதியம் சூட்டில் செயலிழந்துவிடும் என்பதால், பல்லை முழுதாக வறுத்து அரைத்த தூளில் மணம் மிஞ்சலாமே தவிர அல்லிசினை அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களைக் கொல்வது பெரும்பாலும் செறிந்த எண்ணெயோ சாறோதான். தேங்காய்ப் பாலின் கொழுப்பும் மீனின் புரதமும் நிறைந்த கறியில் அதே விளைவைப் பெற வேண்டிய அளவைச் சேர்த்தால், அந்தக் கறியை வாயில் வைக்க முடியாது. கழுவும் நீரைப் பொறுத்தவரை, மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரைவதே அரிது. மரக்கறிக்குக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதே போதும்.

மிஞ்சிய கறி பற்றிய ஆலோசனைதான் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது. நிலத்தில் பாய் விரித்துக் காயவைக்கும் சரக்குகளில் பசிலஸ் சீரியஸ் போன்ற பற்றீரியாக்களின் வித்திகள், அதாவது அவற்றின் உறங்குநிலை வடிவங்கள், இருக்கக்கூடும். அவற்றுள் சில கொதிநிலையையும் தாங்கி, கறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். ஆகவே ஆறிய கறியில் தூள் சேர்ப்பது, கிருமியைக் கொல்வதற்குப் பதிலாகப் புதிதாகக் கொண்டுவந்து போடுவதாகவும் முடியலாம். சூரை மீன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஐஸ் போதாமல் வைத்த சூரையில் பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஹிஸ்டமீனை எந்தச் சரக்கும் எந்தக் கொதியும் நீக்காது, அதனால் முகம் சிவந்து, தலையிடியும் தடிப்பும் வரலாம். கறி மிஞ்சினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் 5 பாகை செல்சியசுக்குக் கீழ் குளிரூட்டியில் வைத்து, உண்ணும் முன் நன்றாகக் கொதிக்கவைப்பதே வழி.

பைக்கற்றில் அரைத்த திகதி இல்லை என்பது எனது மற்றைய குறை. சரக்கின் மணம் ஆவியாகும் எண்ணெயிலேயே இருப்பதால், பழைய தூளில் அதுவும் குறைந்திருக்கும். பின்புற வரிகளை நீக்கி அந்த இடத்தில் திகதியை அச்சிட்டால், கறிக்காக நான் இதைத் தொடர்ந்து வாங்குவேன்.