கேஸா, இண்டக்‌ஷனா? 500 யூனிட் கோட்டில் நின்று ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் அம்மா கேஸ் கட்சி. மனைவி இண்டக்‌ஷன் கட்சி. இரண்டு பில்லையும் கட்டுகிறவன் என்ற முறையில் நான் தேர்தல் கமிஷன். இரு தரப்பும் என்னை நம்புவதில்லை.

சண்டை 2012ல் ஆரம்பித்தது. அந்த வருடம் செப்டம்பரில், மானிய விலையில் வீட்டுக்கு வருடத்துக்கு 6 சிலிண்டர்தான் என்று மத்திய அரசு அறிவித்தது. (2013 ஜனவரியில் அது 9 ஆனது, 2014ல் 12 ஆனது.) கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு தீபாவளிப் பட்டாசு மாதிரி விற்றது. நாங்களும் ஒன்று வாங்கினோம். ஆனால் அதே மாதங்களில்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே நாளுக்கு 10, 12 மணி நேரம் கரண்ட் இருக்காது. திருச்சியில் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். குக்கரில் இரண்டு விசில் வந்து மூன்றாவதற்குக் காத்திருக்கும்போது போய்விடும். பாதி வெந்த துவரம் பருப்பைத் தூக்கிக் கேஸ் அடுப்பில் வைத்தபடியே அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "கரண்ட்டை நம்பிக் கஞ்சி காய்ச்ச முடியுமா?" அந்த அடுப்பு பரணுக்குப் போனது.

இப்போது அந்த அளவு மின்வெட்டு இல்லை. ஆனால் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீடுகளில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும்தான். 2,000 வாட் அடுப்பை அது தாங்காது.

சரி, காசு. ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி. மின்சார யூனிட் கணக்கில் கிலோவுக்கு ஏறக்குறைய 12.7 யூனிட் வெப்பம் என்று வைத்தால் ஒரு சிலிண்டருக்குள் 180 யூனிட் இருக்கிறது. அவ்வளவும் பாத்திரத்துக்குப் போய்ச் சேராது. வீட்டுக் கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் 68 சதவீதம். அது சோதனைக்கூடத்து எண். மேலே மின்விசிறி சுழலும் சமையலறையில், பெரிய பர்னரில் சின்னப் பால் பாத்திரத்தை வைக்கிற நமக்கு 60 கிடைத்தாலே பெரிது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போகும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் 130லிருந்து 145 யூனிட்டுக்குள் செய்துவிடும். நான் 140 என்று வைத்துக்கொள்கிறேன்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. அதை 140ஆல் வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. அதாவது, நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கும் யூனிட் 6.20க்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறும்போது புது விலையை 140ஆல் வகுத்தால் போதும். ஏழை வீடுகளுக்கான உஜ்வாலா இணைப்புக்கு 2025ல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் இருந்தது என்பதால் அவர்களுக்கு அந்தக் கோடு 4 ரூபாய்ப் பக்கம் இறங்கியது.

இவ்வளவு எளிதாக இருந்தால் வீட்டில் சண்டையே வராது. நம் ஊரில் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது, படிக்கட்டு விலை. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு விகிதங்கள் கொஞ்சம் ஏறின (2024 ஜூலையில் 4.83 சதவீதம்), ஆனால் 2025 வரை படிக்கட்டின் அமைப்பு அப்படியேதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.25. 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். இது மொத்தம் 500க்குள் நிற்பவர்களுக்கு. 500ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 500க்கு மேல் 8, 9, 10, 11 என்று ஏறும்.

இதன் விளைவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! ரீடிங் எடுக்க இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள் என்று தெருவில் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது மூன்று வீடுகள். மூன்றிலும் ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது, அதாவது இரண்டு மாதத்துக்குக் கேஸ் செலவு ஏறக்குறைய 1,158 ரூபாய். முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 187 யூனிட் கூடும்.

முதல் வீட்டில் இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, ஒரு டிவி. இரண்டு மாதத்துக்கு 60 யூனிட், பில்லே கிடையாது. இண்டக்‌ஷன் வந்தால் 247 யூனிட், பில் 436 ரூபாய். கேஸோடு ஒப்பிட்டால் 720 ரூபாய் மிச்சம். இரண்டாவது வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் உண்டு, 220 யூனிட், 315 ரூபாய் பில். அது 407 யூனிட், 1,167 ரூபாய் ஆகும். இவர்களுக்கும் 300 ரூபாய் மிச்சம். மூன்றாவது வீட்டில் ஏசி இருக்கிறது, 450 யூனிட், 1,425 ரூபாய். இங்கே இண்டக்‌ஷன் வந்தால் 637 யூனிட், பில் 3,083. கூடுதல் 1,658 ரூபாய். கேஸை நிறுத்தி மிச்சம் பிடித்ததைவிட 500 ரூபாய் அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், இண்டக்‌ஷனை ஆசைப்பட்டு வாங்குவது பெரும்பாலும் மூன்றாவது வீடு. அதிக லாபம் கிடைக்கக்கூடிய முதல் வீட்டில் யாரும் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. நினைத்தாலும் அங்கே சமையலறையில் 6 ஆம்பியர் சின்னப் பிளக்தான் இருக்கும். 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்குப் பெரிய பிளக்கும் தடித்த ஒயரும் வேண்டும். இதைப் பார்க்காமல் சொருகிப் பிளக் பாயிண்ட் உருகிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பின் விலையோடு எலெக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கு.

வாடகை வீட்டுக்காரர்கள் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடலாம். தனி மீட்டர் இல்லாமல், சப்-மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு 8 ரூபாய்" என்று வீட்டு உரிமையாளர் வசூலிக்கும் இடத்தில் இலவச 100 யூனிட்டும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. 140 யூனிட்டுக்கு 1,120 ரூபாய். கேஸ்தான். தனியாக அறை எடுத்துத் தங்கி, முகவரிச் சான்று இல்லாமல் கேஸ் இணைப்பு வாங்க முடியாத பிள்ளைகள் மட்டும் வேறு வழியில்லாமல் இண்டக்‌ஷனில் நூடுல்ஸ் போடுகிறார்கள். அவர்களுக்கு 5 கிலோ சின்னச் சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

மனைவி தரப்பின் பெரிய வாதம் சுற்றுச்சூழல். இதில் நான் அவளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. இந்திய மின்தொகுப்பில் பாதிக்கு மேல் நிலக்கரிதான் என்பதால் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ. 140 யூனிட்டுக்கு 98 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல்! மொட்டை மாடியில் சோலார் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. மற்றவர்கள் இண்டக்‌ஷன் "பசுமை அடுப்பு" என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடியாது. பத்துப் பதினைந்து வருடத்தில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடினால் இந்த எண் மாறும்; சிலிண்டரின் 42 மட்டும் மாறாது. அவள் கட்சிக்கு உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜன்னல் சரியில்லாத சமையலறையில் கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலுக்கு நல்லதல்ல. இண்டக்‌ஷனில் அது இல்லை. வெயில் காலத்தில் அடுப்படி சூடும் குறைவு. மே மாதம் திருச்சியில் தோசை வார்க்கிறவர்களைக் கேட்டால் இந்த ஒரு காரணமே போதும் என்பார்கள்.

ஆனால் அந்தத் தோசையை இண்டக்‌ஷனில் வார்க்க முடியுமா? கையில் ஒரு காந்தத்தோடு சமையலறை அலமாரியைச் சுற்றி வந்தேன். ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் இல்லை. அலுமினியக் குக்கர் ஒட்டவில்லை. இண்டாலியம் வாணலி ஒட்டவில்லை. அம்மாவின் சீதனமான வெண்கலப் பானையும், மீன் குழம்புக்கென்றே வைத்திருக்கும் மண்சட்டியும் ஒட்டாது என்று சொல்லவே வேண்டாம். இரும்பு தோசைக்கல் கச்சிதமாக ஒட்டியது. மனைவி ஜெயித்த முகத்தோடு மாவை ஊற்றினாள். நடுவில் ஒரு சாண் அளவுக்கு முறுகி, ஓரம் வெளுத்து வந்தது. அடுப்புக்குள் இருக்கும் சுருள் சிறியது. அதற்கு நேர் மேலே இருக்கும் இடம்தான் வேகமாகச் சூடாகும். கல்தோசைக்குப் பரவாயில்லை, முறுகல் கேட்பவர்களுக்கு ஆகாது.

அப்புறம் தீ. அப்பளம் சுடுவது, கொத்சுவுக்குக் கத்தரிக்காய் சுடுவது, புல்காவைக் கடைசியில் உப்ப வைப்பது, இவை எதுவும் இண்டக்‌ஷனில் கிடையாது. இன்னொன்று: விலை குறைந்த அடுப்புகள் சின்னச் சூட்டில் தொடர்ந்து எரியாது. நின்று நின்று எரியும். ஐந்து விநாடி முழு வேகம், ஐந்து விநாடி சும்மா. அல்வா கிண்டினால் அடி பிடிக்கும். மறுபக்கம், தண்ணீர் கொதிக்க வைப்பதிலும், பால் காய்ச்சுவதிலும், எவர்சில்வர் குக்கரில் சாதம் வைப்பதிலும் கேஸ் அதற்குக் கிட்டே வர முடியாது. டைமரை வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

அரசு எந்தக் கட்சி என்று கேட்டால், இரண்டும்தான். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வாலா ஏழை வீடுகளுக்குக் கேஸ் கொடுத்தது. 2023 நவம்பரில் மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தை அறிவித்தது. காரணம் வெளிப்படை: எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. ஆனால் டெல்லி அடுப்பைக் கொடுத்தாலும் அதை ஓட்டும் விலையை ஒவ்வொரு மாநிலத்து ஒழுங்குமுறை ஆணையம்தான் தீர்மானிக்கிறது. 500ல் நிற்கும் அந்த மதில் இருக்கும்வரை இங்கே நடுத்தர வீடுகள் முழுதாக மாறாது. குறைவாகச் செலவழிப்பவருக்கு மானியம் கொடுப்பது நியாயம்தான். ஒரு யூனிட் தாண்டியதற்கு முன்னால் கொடுத்த சலுகையையும் பிடுங்குவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

2023 ஜூனில் திருத்திய மத்திய விதிகள் இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு, வெயில் இருக்கும் நேரத்தில் மின்சாரம் 10 முதல் 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது. நாம் சமைப்பது காலை ஆறரைக்கும் மாலை ஏழரைக்கும். மத்தியானம் ஒரு மணிக்குச் சமைத்தால்தான் மலிவு என்று அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் வீடு 430, 440 யூனிட்டில் நிற்கும் வீடு. ஆகவே பால், டீ, அம்மாவின் விடிகாலை வெந்நீர், இவை மூன்று மட்டும் இண்டக்‌ஷன், மற்றதெல்லாம் கேஸ். 401க்கும் 500க்கும் நடுவில் இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் காசு பெரிதாக மிச்சமில்லை. சிலிண்டர் மட்டும் 45 நாளிலிருந்து 58 நாளுக்கு நீண்டிருக்கிறது. காலண்டரில் ரீடிங் எடுத்த தேதியை வட்டமிட்டு, ஐம்பதாவது நாள் நானே மீட்டரைப் போய்ப் பார்க்கிறேன். போன முறை 463. வந்து சொன்னதும் மனைவி இண்டக்‌ஷனைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள்.

மறுநாள் காலை நாலரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். "இன்னும் எத்தனை யூனிட் இருக்குடா? ஒரு சொம்பு வெந்நீர்தான் வைக்கணும்."