தபாலில் தொலைந்த பழைய கேமரா: நஷ்டம் விற்றவருக்கா, வாங்கியவருக்கா?

தனி ஆட்கள் இருவருக்குள் நடக்கும் விற்பனையில் பொறுப்பை இரண்டு விதமாகப் பேசி வைக்கலாம்.

தபாலில் சேர்த்ததோடு விற்றவர் கடமை முடிகிறது என்பது ஒன்று. எதுவும் பேசாமல் விட்டாலும் பெரும்பாலும் இதுதான் நிற்கும். இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 39-ன்படி, அனுப்பச் சொன்ன பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாக, மாறாக நிரூபிக்கும்வரை, கொள்ளப்படும். ஆனால் இதை வைத்து விற்றவர் அசட்டையாக இருக்க முடியாது. பொருளின் தன்மைக்குத் தக்க ஏற்பாட்டோடு அனுப்ப வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. 15,000 ரூபாய் கேமராவை ரசீது இல்லாத சாதாரணத் தபாலில் போட்டால், அதை ஒப்படைப்பாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம்.

கையில் சேரும்வரை விற்றவர் பொறுப்பு என்பது மற்றொன்று. நீங்கள் வாங்குபவரென்றால் இதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். இதில் விற்றவர் சுமை கூடும், ஆகவே இன்சூரன்ஸ் செலவை விலையில் சேர்த்துக் கேட்பது நியாயம். இன்சூரன்ஸ் இல்லாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கேமரா விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

விலை அதிகமென்றால் இரண்டாவதே நல்லது. புகார் எழுதத் தேவையான ரசீது அனுப்பியவர் கையில்தானே இருக்கிறது! முதல் வழியில் போனால், அனுப்பிய அன்றே ரசீதின் படத்தையும் கண்காணிப்பு எண்ணையும் வாங்கி வையுங்கள். பெட்டியை மூடும் முன் எடுத்த படமும் வேண்டும்.